கேட்காமல் கேட்பவர்

'நீங்க என்ன ஆளுங்க?' என்று தரகர் யாரையும் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது அநாகரிகம் என்பது அவருடைய கொள்கை. வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களை ஜெராக்ஸ் கடை வாசலில் உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, ஊர் எது என்பார். ஊரில் எந்தப் பக்கம் என்பார். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு எந்த வழியாக நடக்க வேண்டும் என்று, நாளைக்கே விருந்தாளியாகப் போகப்போகிறவர் மாதிரி விசாரிப்பார். அப்பா என்ன வேலை பார்த்தார், கல்யாணம் சொந்தத்திலா வெளியிலா, அக்காவை எங்கே கொடுத்திருக்கிறது, பெரியப்பா பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். வந்தவரும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று நெகிழ்ந்துபோய் மளமளவென்று கொட்டிவிடுவார். டீ ஆறுவதற்குள் தரகருக்கு வேண்டியது கிடைத்துவிடும். எந்த வீட்டைக் காட்டலாம், எந்த வீட்டைக் காட்டக் கூடாது என்பதும் முடிவாகிவிடும்.

இப்படி ஒரு வேலைக்கு அவசியம் வந்ததே நாகரிகம் வந்ததால்தான். முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நேரடியாகக் கேட்டுவிடுவார்கள். பதில் பிடிக்காவிட்டால் கேட் திறக்காது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. இப்போது வீட்டுக்காரர்கள் படித்திருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், சாதி பார்க்கிறவன் காட்டுமிராண்டி என்று அவர்களே சொல்கிறார்கள். கேட்க வெட்கமாக இருக்கிறது. தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. அந்த இடுக்கில்தான் தரகர் பிழைத்தார். எனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை, வீட்டில்தான் கொஞ்சம் பார்ப்பார்கள் என்று ஆண்கள் மனைவியைக் காட்டுவார்கள். மனைவியைக் கேட்டால் அந்த அம்மாள் மாமியாரைச் சொல்வார். கடைசியில் பழியெல்லாம், எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு கிழவியின் தலையில் வந்து விடியும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தரகரைத் தங்கள் சாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மரக்கடை முதலாளிக்கும் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜருக்கும் ஏழாம் பொருத்தம், ஒருவர் நிழல் மற்றவருக்கு ஆகாது. இரண்டு பேருமே, தரகர் நம்ம ஆளு, அதனால்தான் அவரை நம்பி வீட்டை விடுகிறோம் என்று தனித்தனியே பெருமையடித்துக்கொண்டார்கள். மரக்கடை முதலாளி ஒருபடி மேலே போய், வெளியூரில் வேலை பார்க்கும் தரகரின் மகனுக்குத் தன் சொந்தத்தில் பெண்ணே பார்த்துவிட்டார். அந்தப் பையன் பெண்கள் எதிரே வந்தால் தரையைப் பார்த்து நடக்கிற ஜாதி. தரகர் வேறு வழியில்லாமல், அவன் அங்கே ஒரு பெண்ணைக் காதலிக்கிறான் என்று ஒரு காதலை இட்டுக்கட்டித் தப்பித்தார். முதலாளி அனுதாபப்பட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவர்கள் பேச்சை எங்கே கேட்கிறார்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

உண்மையில் தரகர் பிறந்தது ஓர் ஊரின் கடைசித் தெருவில். அவருடைய அப்பா மற்றவர்களின் தொழுவத்தில் சாணி அள்ளி, செத்த மாட்டைத் தூக்கிப்போட்டுப் பிழைத்தவர். வாலிபத்தில் இந்த நகரத்துக்கு வந்தபோது, குடியிருக்க முதல் வீட்டைக் கொடுத்த ஒரு பழைய தலைமையாசிரியர் ஊரின் பேரைக் கேட்டார். தரகர் அதைச் சொன்னதும், அடடே, அது பூராவும் நம்ம ஆளுங்கதானே என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். தரகர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் வசதியாக இருந்தது. மற்றவர்கள் வலிய வந்து நினைத்துக்கொண்டதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வெறும் சப்பைக்கட்டு. அது அவருக்கும் தெரியும்.

ஏனென்றால், தன் தெருவைப் போன்ற தெருக்களிலிருந்து வருகிறவர்களையும் அவர் அதே டீயைக் கொடுத்து, அதே கேள்விகளைக் கேட்டுத்தான் திருப்பி அனுப்பினார். மற்ற எவரையும்விட அவர்களை அவருக்குச் சீக்கிரம் அடையாளம் தெரிந்தது. "அந்த வீடு நேத்தே போயிடுச்சும்மா, வேற வந்தா சொல்றேன்" என்பார். நாக்கு கூசவில்லையா என்றால், ஆரம்பத்தில் கூசியது. பிறகு பழகிவிட்டது.

அவர் குடியிருந்தது ஒரு சந்துக்குள் கீழ்ப்போர்ஷன். ஒரு படுக்கையறை, இருட்டான சமையலறை, துணி காயப்போட ஒரு முழம் முற்றம். மாடியில் வீட்டுச் சொந்தக்காரி, எல்லோரும் மாடியம்மா என்று சொல்கிற வயதான அம்மாள் தனியாக இருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பால்கனியில் உட்கார்ந்து யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன ஆளுங்க என்று அவள் கேட்டதே இல்லை. என்றைக்குக் கேட்டுத் தொலைப்பாளோ என்ற பயம்தான் தரகருக்கு. அந்தப் பயத்தில் சொந்தபந்தம் ஒருவரையும் அந்தச் சந்துக்குள் அவர் வரவிடவில்லை. அண்ணன் செத்தபோதுகூட, ஒரு வீட்டுப் பத்திரம் விஷயமாக வெளியூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்த கையோடு ஜெராக்ஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், மாடிக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது அண்ணன் மகள். கண் டாக்டருக்குப் படித்து, தரகர் இருந்த பேட்டையிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கூட அம்மா, அதாவது தரகரின் அண்ணி. அண்ணிக்கு முழங்கால் தேய்ந்து, படி ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். அப்படி ஒரே ஒரு வீடுதான் காலியாக இருந்தது, மேனேஜருடைய வீட்டின் கீழ்ப்பகுதி.

அண்ணி என்றால் சும்மா அண்ணி இல்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது தரகர் அரை டிராயர் போட்ட பையன். அம்மா இல்லாத வீடு. அண்ணி வந்த பிறகுதான் அந்த வீட்டில் ராத்திரி அடுப்பு எரிந்தது. களையெடுக்கப் போய் வந்த கையோடு சமைத்து, அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஊட்டிவிட்டவள். அவளையும் டாக்டரையும் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு மூலையில் உட்காரவைத்துத் தரகர் விஷயத்தைப் பதமாகச் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் நல்லவர்தான், ஆனால் கேட்பார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டா சொல்லிட்டுப் போறேன் சித்தப்பா. நான் எங்கயும் மறைக்கறதில்ல."

"உன்னை யாரும் கேக்க மாட்டாங்கம்மா. என்னைத்தான் கேப்பாங்க."

"அப்ப நீங்க சொல்லுங்க."

அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த வீட்டில் வைத்து என்னைச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டாம், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி குறுக்கே புகுந்து, சரிப்பா, நீ பிழைக்கிற இடம், உனக்கு எது தோதோ அப்படியே செய் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் உறுத்தியது.

மறுநாள் வீடு பார்க்கப் போனார்கள். மேனேஜர் வீட்டில் தரகருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அவர் நேரே மேலே, மேனேஜர் குடியிருக்கும் பகுதிக்குள் போய்ச் சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோரம் உட்காருவார். மேனேஜரின் மனைவி, வீட்டு மனிதர்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், அப்பாவின் முதுகில் மூட்டை மாதிரி ஏறியிருந்த எல்லாமே தன் முதுகில் இல்லை என்று தரகருக்குத் தோன்றும். இந்தச் சின்ன சுகத்துக்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்று கேட்காதீர்கள். அந்த மேஜைக்குக் கீழே உட்காரவைக்கப்பட்டவனுக்குத்தான் அது தெரியும்.

கீழ்ப்பகுதி கழுவித் துடைத்து பினாயில் வாசனையோடு இருந்தது. டாக்டருக்குப் பிடித்துவிட்டது. மேனேஜருக்கு டாக்டரை அதைவிடப் பிடித்துவிட்டது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, மனைவிக்குச் சர்க்கரை. வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டர் என்றால் சும்மாவா? அண்ணி மட்டும் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று தரகர் வெளியாளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். "பாத்தாச்சுங்க, நல்லா இருக்குங்க" என்று அண்ணியும் ஒரு தரகரிடம் பேசுகிற மரியாதையோடு பதில் சொன்னாள். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல், தம்பி தம்பி என்று வாய் ஓயாத மனுஷி.

அப்போது மேனேஜரின் மனைவி எட்டிப் பார்த்து, யார் செருப்பைத் தெருவில் விட்டது, நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றாள். கேட்டுக்கு வெளியே, சாக்கடையோரம் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. எல்லோரும் வாசற்படி வரைக்கும் செருப்போடு வந்திருந்தார்கள். அண்ணி மட்டும் தெருவிலேயே கழற்றிவிட்டிருந்தாள். "அழுக்கா இருக்குங்க, அதான்" என்றாள். செருப்பு புத்தம் புதுசு. மகள் முந்தின நாள்தான் வாங்கிக்கொடுத்தது, விலைச்சீட்டின் பிசின்கூடப் போகவில்லை. மேனேஜரின் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை, உண்மையிலேயே நாயைப் பற்றித்தான் சொன்னாள். தரகருக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. வேறு யாராவது இப்படிச் செருப்பை விட்டிருந்தால், ஊர் பேர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், அந்த வீடு நேற்றே போய்விட்டது என்று சொல்லியிருப்பார். அடுத்தவர் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து பழகிய கால்கள் அவை.

டாக்டர் வெளியே போனாள். குனிந்து அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்து வந்து, வாசற்படியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேனேஜர் தரகரைக் கண்ணால் மேலே கூப்பிட்டார். ஜன்னலோர நாற்காலி. டீ வந்தது. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். பெண் தங்கமாக இருக்கிறாள், அந்த அம்மாவும் சாதுவாகத்தான் தெரிகிறாள். பிறகு வழக்கமான கேள்வி.

"நமக்கு ஒண்ணும் இல்ல, வீட்ல கேப்பாங்க. நம்ம ஆளுங்கதானே?"

தலையை ஆட்டினால் போதும். சும்மா இருந்தாலே போதும், அவரே முடிவு கட்டிக்கொள்வார். அப்படித்தான் எத்தனையோ வருஷம் நடந்திருக்கிறது. தரகர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்ல சார். அவங்க என் அண்ணி. அந்தப் பொண்ணு எங்க அண்ணன் மக. நானும் உங்க ஆளு இல்ல சார்."

சொல்லிவிட்டுத் தன் சாதியின் பெயரையும் சொன்னார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து வெகுகாலமாகியிருந்தது. மேனேஜர் முதலில் தரகரைப் பார்க்கவில்லை, அந்த டம்ளரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தரகர் சாகும்வரை மறக்கமாட்டார்.

ஆனால் மேனேஜர் உலகம் தெரிந்தவர். தாடையைத் தடவிக்கொண்டே, டாக்டர் விஷயம் வேறு என்றார். படிப்பு வந்த பிறகு அதையெல்லாம் பார்க்க முடியுமா என்று தனக்கே சொல்லிக்கொள்வது போல் சொல்லிவிட்டு எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே வாசலுக்கு வந்தார்.

"தாராளமா வாங்கம்மா. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது."

"எதெல்லாம் சார்?" என்று டாக்டர் கேட்டாள்.

அவருக்கு இருமல் வந்துவிட்டது. மனைவி அவசரமாக அண்ணிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டாக்டரின் அம்மாவை நிற்கவைக்கலாமா?

கிளம்பும்போது மேனேஜர் தரகரை மட்டும் கேட் அருகே நிறுத்தினார். இனிமேல் எதுவாக இருந்தாலும் போனில் சொன்னால் போதும், அலைய வேண்டாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இத்தனை வருஷம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. சொல்லியிருந்தா நாங்க என்ன பண்ணியிருக்கப் போறோம்?" என்று நொந்துபோனவர் மாதிரி கேட்டார். என்ன பண்ணியிருப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தரகர் தெருவில் இறங்கி நடந்தார்.

சித்தப்பாவை இனி வர வேண்டாம் என்று சொன்னது தெரிந்ததும் டாக்டர், இந்த வீடே வேண்டாம் என்று கொதித்தாள். அண்ணிதான் அடக்கினாள். எங்கே போனாலும் இதேதான், இங்கேயாவது படி இல்லை என்றாள். அந்த வாரமே அம்மாவும் மகளும் அங்கே குடிவந்தார்கள்.

பேட்டை முழுக்கச் செய்தி பரவியது. மரக்கடை முதலாளி ஜெராக்ஸ் கடைக்கே வந்து, நாலு பேர் பார்க்க, என் வீட்டுப் பெண்ணை உன் பையனுக்குக் கொடுக்க இருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒருவரும் சாதியால் கோபப்பட்டதாகச் சொல்லவில்லை, ஏமாற்றிவிட்டான் என்றுதான் சொன்னார்கள். அது அவர்களுக்கு வசதியாக இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. பாதி வீட்டுக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர், இவரைப் போல் சட்டென்று ஆள் பிடித்துத் தர வேறு யாரும் இல்லை என்பதால் தொடர்ந்து கூப்பிட்டார்கள். அவர்களிடம் தரகர் முதலிலேயே சொல்லிவிட்டார், குடிவருகிறவரின் வேலை, குடும்பத்தில் எத்தனை பேர், இவ்வளவுதான் நான் விசாரிப்பேன், மற்றதை நீங்களே வாயைத் திறந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று. அதில் இன்னும் சிலர் கழன்றுகொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட மாடியம்மாவை நினைத்துத்தான் அவர் அதிகம் பயந்தார். யாரோ போய்ச் சொல்வதற்குமுன் நாமே சொல்லிவிடுவது என்று மாடி ஏறினார். அந்த அம்மாள் துவைத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இதைச் சொல்லவா மூச்சு வாங்க ஏறி வந்தீங்க? வாடகை ஒழுங்கா வருது, வீட்டைச் சுத்தமா வச்சிருக்கீங்க. எனக்கென்ன வந்துச்சு?"

பிறகு, கீழே முற்றத்துக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

தரகர் படியில் இறங்கும்போது அவருக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சமையலறை வாசலில் நின்று, நடந்ததை அப்படியே மனைவியிடம் சொன்னார். ஒண்ணுமே சொல்லலடி, நாம பயந்ததெல்லாம் வீண், இனிமே நம்ம ஆளுங்க யார் வேணும்னாலும் வரலாம் என்றார். அவளும் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, மாடியம்மா பாத்துடும்னு சொல்லி லாட்ஜ்ல ரூம் போட்டீங்க. நானும் சரின்னுட்டேன். தண்ணி எடுக்க எழுந்து, இருட்டுல விழுந்து, விடியிற வரைக்கும் தரையில கிடந்திருக்கு. கூட ஆள் இருந்திருந்தா பொழைச்சிருக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்தவள் போல, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தரகர் முற்றத்துக்குப் போய், ஒழுகுகிற குழாயை இறுக்கிப் பார்த்தார்.